பிரசவ வலி: நம் பெண்களிடம் யாரும் கேட்காத கேள்வி

ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் வீட்டில் ஒரு பை தயாராகிவிடும். துவைத்துக் காய வைத்த பழைய வேட்டித் துணி, பிள்ளைக்குத் துண்டு, பிளாஸ்க், ஆதார் நகல், வங்கிப் புத்தகம், பிக்மி எண் எழுதிய அட்டை எல்லாம் அதில் இருக்கும். எந்த ஆஸ்பத்திரி, துணைக்கு யார், ராத்திரியில் வலி வந்தால் 108-ஐக் கூப்பிடுவது யார், ரத்தம் தேவைப்பட்டால் யாரிடம் கேட்பது என்று எல்லாவற்றையும் பேசி வைப்பார்கள். ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சே வராது. மணிக்கணக்கில் வரப்போகும் அந்த வலிக்கு என்ன செய்வது?

திருநகர், ஹார்விபட்டி, தனக்கன்குளம், நிலையூர், விளாச்சேரி பகுதிகளில் உள்ள நம் குடியிருப்புகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். பெற்றால் வலிக்கத்தானே செய்யும் என்பார்கள். ஆனால் தனியார் மருத்துவமனைகள் ‘வலியில்லாப் பிரசவம்’ என்று விளம்பரம் செய்கின்றன. பணம் கட்டக்கூடிய பெண்ணிடம் ஏழாம் மாதமே அதைப் பற்றி எடுத்துச் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனையின் பிரசவ அறைக்குப் போகும் தூய்மைப் பணியாளரிடமோ, சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணிடமோ, வீட்டு வேலை செய்யும் பெண்ணிடமோ அந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. வலி எல்லோருக்கும் ஒன்றுதான். அதைக் குறைக்கும் வாய்ப்பு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அது 99.6 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு பிரசவங்கள் அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. தாயின் உயிரைக் காப்பதில் நம் மாநிலம் நாட்டின் சராசரியைவிட முன்னால் நிற்கிறது. 2018-20-ல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. உயிர் பிழைப்பதை உறுதி செய்த மாநிலம், அடுத்ததாகப் பெண்ணின் வேதனையையும் மரியாதையையும் பற்றிக் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது.

‘தாங்கிக்கொள்வாள்’ என்ற நினைப்பு

உழைக்கும் பெண்ணுக்கு உடம்பு உரம், அவள் தாங்கிக்கொள்வாள் என்ற பேச்சு பாராட்டு போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு மறுப்பு. இதற்கு உலகம் முழுவதும் பழைய வரலாறு உண்டு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1840-களில் ஜே.மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்களுக்கு மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்து பார்த்தார். அவர்கள் அடிமைகள். அனார்ச்சா, லூசி, பெட்ஸி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். அவருக்கு நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் வைத்திருந்த சிலையை 2018 ஏப்ரலில்தான் அகற்றினார்கள். 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் சோதித்தார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறத்தாழ பாதிப்பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

நம் ஊரில் யாரும் இப்படிச் சோதித்துப் பார்க்காமலேயே நமக்குப் புரியும். பிரசவத் தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது, கொடி அறுப்பதும் நஞ்சு புதைப்பதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் வேலையாக நாட்டின் பல பகுதிகளில் ஒதுக்கப்பட்டது. அந்தப் பெண்ணே வலியோடு வந்து படுக்கும்போது ‘கத்தாதே’ என்ற அதட்டல்தான் கிடைக்கும் என்றால், அது வெறும் அவசரத்தில் வந்த சொல் ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, பிரசவ அறையில் நடக்கும் அவமதிப்புகளைப் பட்டியலிட்டது. அடிப்பது, திட்டுவது, ஒப்புதல் இல்லாமல் சிகிச்சை செய்வது, மறைப்பு இல்லாமல் கிடத்துவது ஆகியவற்றோடு வலி மருந்து தர மறுப்பதையும் அதில் சேர்த்தது. ஏழைப் பெண்களும் சிறுபான்மை இனப் பெண்களும் இதற்கு அதிகம் ஆளாகிறார்கள் என்றும் சொன்னது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதல் வழிக்குப் பணமே வேண்டாம். கூடவே ஒரு பெண் துணை, எழுந்து நடப்பது, இடுப்பைத் தேய்த்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், மூச்சை மெதுவாக இழுத்து விடுவது. இவற்றைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. படுத்தே கிடக்காமல் நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் இருந்த பெண்களுக்கு வலியின் முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. தொடர்ந்து ஒரு துணை இருந்தவர்களுக்கு சிசேரியனும் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் வலியை இது முழுதாக எடுக்காது. தாங்கும் தெம்பைத்தான் கூட்டும்.

இரண்டாவது, வாயு. பாதி நைட்ரஸ் ஆக்சைடும் பாதி ஆக்சிஜனும் கலந்தது. முகமூடியைப் பெண்ணே கையில் பிடித்துக்கொண்டு, வலி எழும்பத் தொடங்கும்போதே இழுக்க வேண்டும். அரை நிமிடத்தில் வேலை செய்யும். நிறுத்தினால் சில நிமிடங்களில் இறங்கிவிடும். குழந்தையின் மூச்சைப் பாதிக்காது. தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். வலி மழுங்குமே தவிர போகாது. பிரிட்டனில் பெரும்பாலான பிரசவ அறைகளில் இது சாதாரணமாகக் கிடைக்கும். நம் நாட்டில் சில மருத்துவமனைகளில் மட்டுமே இருக்கிறது.

மூன்றாவது, ஊசி. பெத்திடின், டிரமடால், ஃபென்டனைல் போன்றவை. தொடையிலோ நரம்பிலோ போடுவார்கள். செலவு குறைவு, மயக்கவியல் மருத்துவர் இல்லாத இடத்திலும் முடியும். குறை என்னவென்றால், தூக்கமும் வாந்தியும் வரும். வலி ஓரளவுதான் குறையும். பிறப்பதற்குச் சில மணி நேரத்துக்குள் போட்டால் குழந்தை சோர்ந்து பிறக்கலாம், மூச்சு மந்தமாகலாம். அதனால் எந்த நேரத்தில் போடுவது என்பது முக்கியம். குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவியும், மருந்தை முறிக்கும் நாலோக்ஸோனும் கையில் இருக்க வேண்டும். இதே சமயத்தில் கருப்பை வாய் விரிவதற்கு என்று போடும் சில ஊசிகளும் உண்டு. அவை வலி மருந்துகள் அல்ல. போடப்படும் ஊசி எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

நான்காவது, எபிடியூரல். முதுகின் கீழ்ப்பகுதியை முதலில் மரக்க வைத்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியே குறைந்த அளவில் மருந்து செலுத்துவார்கள். கால் மணி நேரத்துக்குள் வலி பெருமளவு அடங்கும். பெண் விழிப்போடு இருப்பாள்; பிள்ளை பிறப்பதை உணர்வாள். இருக்கும் வழிகளிலேயே வலியை அதிகம் குறைப்பது இதுதான். வழியில் சிக்கல் வந்து சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாய் வழியாகக் கூடுதல் மருந்து கொடுக்கலாம்.

இதற்கும் விலை உண்டு. ரத்த அழுத்தம் இறங்கலாம். அரிப்பு, காய்ச்சல், கால் கனப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவை வரலாம். பிள்ளையைத் தள்ளும் கட்டம் கொஞ்சம் நீளலாம். சிலருக்கு, நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு, உட்கார்ந்தால் தலை பிளப்பது போன்ற வலி பிறகு வரலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ரத்தம் உறையாத கோளாறு, தட்டணுக்கள் மிகக் குறைவு, ஊசி போடும் இடத்தில் புண் போன்றவை இருந்தால் போட மாட்டார்கள். கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தட்டணு அளவு சரியாக இருந்தால் எபிடியூரல் நன்மையாகவும் இருக்கும்.

எபிடியூரல் போட்டால் ஆயுளுக்கும் இடுப்பு வலி என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. அது சிசேரியனைக் கூட்டும் என்ற பேச்சும் 2018-ல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பில் உறுதிப்படவில்லை. பிள்ளை சுமந்த உடம்பு, குனிந்து நிமிர்ந்த வேலை, ஓய்வில்லாத பேறுகாலம் ஆகியவை முதுகு வலிக்குப் போதுமான காரணங்கள்.

வலியைக் கூட்டும் ஊசி

தமிழில் பிரசவம் தொடங்குவதையே ‘வலி வந்துவிட்டது’ என்கிறோம். சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கக் கஷாயம் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். வலி எடுத்தால்தான் பிள்ளை இறங்கும் என்பது அனுபவ அறிவு. அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990-களில் தமிழ்நாட்டின் ஏழைப் பெண்களிடையே தங்கி ஆய்வு செய்து, 2003-ல் நூலாக வெளியிட்டார். அவர் கவனித்தது இது: அரசு மருத்துவமனைகளில் வலியைக் கூட்டும் ஊசி தாராளமாகக் கிடைத்தது, வலியைக் குறைக்கும் மருந்து கிட்டத்தட்ட இல்லை. பெண்களில் பலர் வலியைச் சக்தியாகப் பார்த்தார்கள். வலி கூட்டும் ஊசியைத் தாங்களே கேட்டும் வாங்கினார்கள்.

அந்த ஊசி ஆக்ஸிடோசின். தேவைப்படும் இடத்தில் நல்ல மருந்துதான். குழந்தை பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்ஸிடோசின் உயிர் காப்பது; அதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் பிறப்பதற்கு முன்பு, கட்டில் காலியாக வேண்டும் என்பதற்காகவோ சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகவோ போட்டால், வலி அடுக்கடுக்காக வரும். குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்ற பழைய கணக்கு பல பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. தலைப்பிரசவத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சேயும் நலமாக இருந்தால் பொறுப்பதே வைத்தியம்.

எனவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். வலி குறைக்கும் மருந்தைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. தேவையில்லாமல் வலியைக் கூட்டாதே என்று கேட்கும் உரிமையும் உண்டு.

மரக்க வைக்காமல் தையல் கூடாது

எபிடியூரலுக்கு மயக்கவியல் மருத்துவர் வேண்டும், கண்காணிப்பு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் எந்தச் சிறிய நிலையத்திலும் கிடைக்க வேண்டிய, மிகக் குறைந்த விலையுள்ள ஒரு வலி மருந்து இருக்கிறது. லிக்னோகெய்ன். பல் பிடுங்கும்போது போடும் அதே வகை மரப்பு ஊசி.

பிள்ளை வரும் வழியில் கத்தரி போடும்போதும், கிழிந்ததைத் தைக்கும்போதும் அதைப் போட்டு, மரத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரி போடுவதையே உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. வயிற்றின் மேல் அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவதையும் அது ஏற்கவில்லை. பெற்ற வலியைவிடத் தையல் வலியைத்தான் மறக்க முடியவில்லை என்று சொல்லும் தாய்மார்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ‘பிள்ளை பிறந்துவிட்டது, இனி என்ன வலி’ என்று யாரும் நினைக்க முடியாத நிலையை உருவாக்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

சிசேரியன் வலிக்கு மருந்தா?

2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5. தேவைக்காகச் செய்பவை உயிரைக் காக்கின்றன. ஆனால் வலிக்குப் பயந்து, வேறு வழி சொல்லப்படாமல், அறுவை சிகிச்சையைக் கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அன்று முதுகில் ஊசி போட்டுவிடுவதால் பிரசவ வலி தெரியாது. பிறகு வயிற்றுத் தையலின் வலி, வாரக்கணக்கில் பாரம் தூக்க முடியாத நிலை, அடுத்த பிரசவத்தில் கூடும் ஆபத்து எல்லாம் காத்திருக்கும். நாள் கூலியில் வாழும் வீட்டுக்கு இந்த நாட்கள் வருமான இழப்பு. வலிக்கு முறையான மருந்து கிடைத்தால், பயத்தால் நடக்கும் சிசேரியன்களில் ஒரு பகுதியாவது குறைய வாய்ப்பிருக்கிறது.

சட்டமும் திட்டமும் என்ன சொல்கின்றன?

2011 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீட்டுக்குத் திரும்பும் வாகனம் அனைத்தும் இலவசம். வலி மருந்து இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. பிரசவ அறையில் பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017-ல் தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம், பிரசவ அறையில் மறைப்பும் மரியாதையும் இருக்கிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், செய்யப்போகும் சிகிச்சையைப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பொது மருத்துவமனையில் தீண்டாமையின் பேரால் சேர்க்க மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பிறர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும்.

இதற்கெல்லாம் முன்னோடியாக ஒரு குரல் இருந்தது. 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே தேவை என்பது அவர் வாதம். மறு ஆண்டு அது சட்டமானது. வைசிராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, சுரங்கத் தொழிலாளிப் பெண்களின் பேறுகாலச் சட்டத்தையும் அவர் திருத்தினார். ஆலைக் குடியிருப்பாகத் தொடங்கிய ஹார்விபட்டியை அடுத்து வாழும் நமக்கு, உழைக்கும் பெண்ணின் பிரசவத்தை வீட்டு விஷயமாக விட்டுவிடாமல் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோன அந்தப் பேச்சு நெருக்கமானது.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே, நர்ஸிடமோ மருத்துவரிடமோ இவற்றைக் கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. இங்கே வலி குறைக்க என்னென்ன வழி இருக்கிறது? ஊசி மட்டுமா, வாயுவோ எபிடியூரலோ உண்டா?

2. எபிடியூரல் உண்டென்றால், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா? தனியார் மருத்துவமனை என்றால் அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? தொகையை எழுதி வாங்குங்கள்.

3. என் ஹீமோகுளோபின், தட்டணுக்கள், ரத்த அழுத்தம் எவ்வளவு? எனக்கு எது ஆகும், எது ஆகாது? 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தம் குறைவாக இருந்தால் எந்த மருந்தையும்விட முதல் தேவை அதைச் சரிசெய்வதுதான்.

4. துணைக்கு யார் வரலாம்? வரப்போகிறவர் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக, திட்டாமல் தைரியம் சொல்பவராக இருக்கட்டும். அம்மாவா, அத்தையா, மதினியா என்பதைக் கர்ப்பிணிப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

5. வலி தொடங்கிய பிறகு நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா?

6. வலி கூட்டும் ஊசி போடுவதென்றால் காரணம் சொல்வீர்களா? தையல் போடும்போது மரப்பு ஊசி உண்டா?

இதையெல்லாம் கேட்டால் நர்ஸம்மா கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. ஒரே நேரத்தில் பல பிரசவங்களைப் பார்க்கும் அவர்களின் சுமையும் உண்மைதான். அதனால்தான் வலி வந்த பிறகு வாக்குவாதம் செய்வதைவிட, முன்கூட்டியே பணிவாக, தெளிவாகக் கேட்பது நல்லது. முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையும் பெண்ணுக்கு உண்டு. மருந்தே வேண்டாம் என்று சொன்னவள் எட்டு மணி நேரம் கழித்து வேண்டும் என்றால் அது தோல்வியாகாது. மருந்து இல்லாமல் பெற்றவள் உயர்ந்தவளும் இல்லை, ஊசி போட்டுப் பெற்றவள் தாழ்ந்தவளும் இல்லை.

நிர்வாகம் செய்ய வேண்டியது

அரசு ராஜாஜி மருத்துவமனை மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. தென் மாவட்டங்களிலிருந்து சிக்கலான பிரசவங்கள் அங்கே வருகின்றன. மாவட்டத்தின் ‘சீமாங்’ மையங்களில் சிசேரியனுக்காக மயக்கவியல் மருத்துவர்கள் பணியில் இருக்க வேண்டும் என்பதே விதி. அவர்கள் அறுவை அரங்கோடு நின்றுவிடாமல் பிரசவ அறைக்கும் வர வேண்டுமென்றால் கூடுதல் பணியிடங்கள் வேண்டும். அதைக் கேட்பது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியவை நான்கு. என்னென்ன வலி நிவாரணம் கிடைக்கும் என்பதைத் தமிழில் எழுதிக் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு உட்காரும் இடத்தில் ஒட்டலாம். துணைக்கு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். மரப்பு ஊசி இல்லாமல் தையல் இல்லை என்பதைக் கண்டிப்பாக்கலாம். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் தாயிடம், வலிக்கு என்ன கொடுத்தார்கள், எப்படிப் பேசினார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யலாம்.

முறையீடு இருந்தால் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், 104-ஐ அழைக்கலாம், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும், அம்பேத்கர் மன்றங்களிலும், வளைகாப்பு வீட்டிலும் இதைப் பேசத் தொடங்கினால், அடுத்த மாதம் பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் பையில் ஒரு காகிதம் கூடுதலாக இருக்கும். அதில் அவள் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள் எழுதப்பட்டிருக்கும்.